பார்த்து வரைந்தால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு சிறுவர் பகுதியில் ஓவியப் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன். 'நம் ஊரில் ஒரு நாய் வேலைக்குப் போனால்?' என்பது அருமையான தலைப்பு. நாயைக் கண்டக்டராக, போஸ்ட்மேனாக, டீ மாஸ்டராக வரையப் பிள்ளைகளுக்குக் கசக்குமா என்ன? ஆனால் அதற்குக் கீழேயே, 'எதையும் பார்த்து வரையக் கூடாது, சொந்தக் கற்பனையில் மட்டுமே வரைய வேண்டும்' என்று ஒரு நிபந்தனை. வீட்டில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் கேட்கிறேன், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

காப்பி அடிப்பதைத் தடுக்கத்தான் போட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் எதையும் பார்க்காதே என்று சொன்னால் பிள்ளை எங்கே போகும்? மனதில் ஏற்கெனவே குடியிருக்கிற டிவி நாயிடம்தான் போகும். தொங்கு காது, உருண்டை மூக்கு, வெளியே தொங்கும் நாக்கு, எல்லார் தாளிலும் அதே நாய். வாசலில் படுத்திருப்பதோ காது நிமிர்ந்து, வால் மேலே சுருண்ட நாய். அது ஒருத்தர் படத்திலும் வராது. ஆக, காப்பியைத் தடுக்கப் போட்ட விதிதான் எல்லாரையும் ஒரே கார்ட்டூனைக் காப்பி அடிக்க வைக்கிறது.

பார்த்தால்தான் தெரிகிற விஷயங்கள் நாயிடம் நிறைய. பின்னங்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி உயரத்தில் பின்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு இருக்கிறதே, அதை முழங்கால் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். அது குதிகால். நாய் விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி, குதிகால் தரையைத் தொடாமல் மேலேயே நிற்கும். உண்மையான முழங்கால் வயிற்றுப் பக்கம் இருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்னால் பார்த்துக்கொண்டு. முன்னங்காலில் முட்டி மாதிரித் தெரிவது மணிக்கட்டு. இதை ஒரு பிள்ளை போட்டோவில் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் எந்த நாலுகால் பிராணியையும் அது வேறு கண்ணோடுதான் பார்க்கும்.

அந்த நாய்க்குக் காக்கிச் சட்டை மாட்டி நிற்க வைக்கும்போது இது இன்னும் முக்கியம். குதிகாலைத் தரையில் இறக்கி மனிதப் பாதமாக்கி ஷூ போடுவதா, இல்லை தூக்கியே வைத்து விரலில் நிறுத்துவதா? இரண்டுமே சரிதான், ஆனால் வரைகிறவர் தெரிந்து முடிவெடுக்க வேண்டும். டிஸ்னியில் 1930-ல் வந்த புளூட்டோ நாலு காலில் ஓடுகிற நாய், 1932-ல் வந்த கூஃபி தொப்பியும் ஷூவும் போட்டு இரண்டு காலில் நடக்கிற நாய். ஒரே ஸ்டுடியோவில் இரண்டு முடிவுகள். தோளும் அப்படித்தான். மனிதருக்குக் கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காரை எலும்பு இருப்பதால் கையைப் பக்கவாட்டில் விரித்துத் தூக்க முடிகிறது. நாய்க்கு அது பெயரளவுக்குத்தான், தோள்பட்டை வெறும் தசையில் தொங்குகிறது, மார்பும் குறுகலாக ஆழமாக இருக்கும். அந்தத் தோளோடு பஸ்ஸில் மேலே கயிற்றைப் பிடித்து மணி அடிக்கச் சொன்னால் நம் கண்டக்டர் நாய் திண்டாடிப் போகும். அதற்கு மனிதத் தோள் கொடுத்தாக வேண்டும். டிக்கெட் கிழிக்கக் கட்டைவிரல் வேண்டுமே என்று கேட்டால், முன்னங்காலின் உள்பக்கத்தில் தரையில் படாமல் ஒரு குட்டி விரல் இருக்கிறது பாருங்கள், அதையே கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளலாம். இதுதானே கற்பனை! வால் முதுகெலும்பின் தொடர்ச்சி என்பதால் பேண்ட்டில் ஓட்டை பெல்ட்டுக்குச் சற்றுக் கீழேதான் வரும், தொடைக்குப் பக்கத்தில் அல்ல. (வருகிற படங்களில் முக்கால்வாசியில் தொடைக்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறது.)

ஓடுகிற நாய்க்குக்கூடப் பார்ப்பதற்குப் படம் இருக்கிறது. மைப்ரிட்ஜ் என்பவர் குதிரை, நாய், மனிதர் என்று ஓட்டத்தையும் நடையையும் கணம் கணமாகப் படம் எடுத்து, 1887-ல் 781 படத் தாள்களாக வெளியிட்டார். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஓவியர்கள் பாய்ச்சலில் போகும் குதிரையை நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டி அந்தரத்தில் மிதப்பதாக வரைந்தார்கள். குதிரைக்கு அது தப்பு என்று கேமரா காட்டியது, கால்களைக் கீழே ஒடுக்கியிருக்கும்போதுதான் அது அந்தரத்தில் இருக்கிறது. வேட்டை நாய் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டும் நடக்கிறது, கால்களை ஒடுக்கி ஒரு முறை, நீட்டி ஒரு முறை. எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறை நாய் முயல் விரட்டுவதை வரைய ஆசைப்படுகிற பையனுக்கு வெறும் கண்ணால் இதைப் பிடிக்க முடியுமா?

போட்டோவிலும் பொய் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கி, காது எங்கேயோ பின்னால் போய்விடும். தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் முகம் அதன் அளவில் வரும். தெருநாயிடம் கிட்டே போகச் சொல்ல எனக்கும் பயம்தான், மாடியிலிருந்து எடுத்தாலே போதும், இடுப்பு எப்படி ஒடுங்குகிறது என்பது மேலிருந்துதான் நன்றாகத் தெரியும். ஏஐ செய்து தரும் நாய்ப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம், கால்விரலை எண்ணிவிட்டு வாருங்கள். ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டிருக்கிறது, அதைக்கூடப் பார்க்கலாம்.

சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதைப் பார்த்துத்தான் நாற்பதடி முகம் வரைந்தார்கள். அவர்களை யாரும் ஓவியர் இல்லை என்று சொன்னதில்லை.

காப்பிதான் கவலை என்றால் விதியை இப்படி மாற்றுங்கள்: பிறர் வரைந்த ஓவியத்தைப் பார்த்து வரையக் கூடாது, நேரிலோ போட்டோவிலோ பார்க்கலாம், எதைப் பார்த்தோம் என்று தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு மூன்று போட்டோக்களைப் பார்த்து, காலை ஒன்றிலிருந்தும் தலையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து வரைகிற பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தாலும் தகும். அடுத்த மாதத் தலைப்பு பூனை என்று அறிவித்திருக்கிறீர்கள். நாய்க்கு நேரமில்லை என்றால் அதற்காவது மாற்றுங்கள், பூனையும் குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.