எலீட்டில் பிய்ந்தது, எலானில் நின்றது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் லோட்டஸ் கார் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1952இல் அவருடைய வருங்கால மனைவி ஹேசல் வில்லியம்ஸ் நிறுவனம் தொடங்கக் கொடுத்த 25 பவுண்டில் ஆரம்பித்துப் பந்தயக் கோப்பைகளில் முடிந்துவிடுகிறது. "எடையைக் குறைத்தார், வென்றார்" என்பதோடு தொழில்நுட்பப் பேச்சும் நின்றுவிடுகிறது. ஆனால் எடையைக் குறைத்த அதே கைதான் 1957இல் அறிமுகமான எலீட் காரில் பணத்தை இழந்தது. அந்த நஷ்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் 1962இல் வந்த எலான் ஏன் பிழைத்தது என்பது விளங்கும்.

சிறிய நிறுவனம் கார் உடலுக்குக் கண்ணாடி இழைக்கு (ஃபைபர் கிளாஸ்) போவது ஆசையால் அல்ல. இரும்புத் தகட்டை அழுத்தி உடல் செய்ய வேண்டுமானால் ராட்சத அச்சுகள் வேண்டும். பல்லாயிரம் கார் விற்றால்தான் அந்த முதலீடு திரும்பும். கண்ணாடி இழைக்கு மரத்திலோ பிளாஸ்டரிலோ ஒரு மாதிரி உருவம் போதும். அதன்மேல் மெழுகு பூசி மோல்டு எடுக்கலாம். மோல்டுக்குள் முதலில் வெளிப்பரப்பாகும் பிசின் பூச்சான ஜெல்கோட், பிறகு இழைப்பாய், பிசின். உருளையால் காற்றை வெளியே தள்ளி, இறுகியதும் கழற்றிவிடலாம். செலவு குறைவு, தரமோ முழுக்க வேலை செய்பவர் கையில். ஜெல்கோட் தடித்தால் நட்சத்திர வடிவில் வெடிக்கும். உள்ளே காற்று நின்றால் அந்த இடம் பின்னாளில் உடையும். இறுகும் முன்னே கழற்றினால் உடல் கோணும்.

சாப்மன் இதற்கும் ஒரு படி மேலே போனார். எலீட்டில் தனிச் சேஸியே (அடிச்சட்டமே) இல்லை. பாரம் முழுவதையும் கண்ணாடி இழை உடலே தாங்கியது. முன்பக்கம் எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் (சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கும் அமைப்பு) ஓர் இரும்புச் சட்டம், காற்றுத்தடுப்புக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான் இரும்பு. கார் சுமார் 500 கிலோ. பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவை ஆறு முறை வென்றது.

சிக்கல் பின்பக்கத்தில். பின் சஸ்பென்ஷனில் சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டே, அது பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் இணைப்பாகவும் வேலை செய்தது. ஒரு பாகம் மிச்சம், எடையும் மிச்சம். ஆனால் வளைவில் சக்கரம் தரும் தள்ளல் நேரே டிஃபரென்ஷியலுக்கு (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) போகும். பின் பிரேக் டிஸ்க்குகளும் அதன் பக்கத்திலேயே இருந்ததால் பிரேக் விசையும் அங்கேதான். எஞ்சின் முறுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். இந்த மூன்றையும் தாங்கியவை கண்ணாடி இழையில் பதித்த சில போல்ட்டுகள். இழை பரந்த இழுவையை நன்றாகத் தாங்கும். ஒரு புள்ளியில் குவியும் விசையைத் தாங்காது. துளையைச் சுற்றிப் பிசின் நொறுங்கும், துளை பெரிதாகும், கடைசியில் பிடிப்பே பிய்ந்து வரும். போதாக்குறைக்கு, உடல் முழுதும் தம்பட்டம்போல் அதிரும். ஆரம்ப உடல்களில் குறை மிகுந்து, வேலை பிறகு பிரிஸ்டல் விமான நிறுவனத்துக்கு மாறியது. எஞ்சின் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் 1216 சிசி. அருமையானது, விலையும் அதற்கேற்றாற்போல. ஆயிரம் காரை ஒட்டி விற்றும் லாபம் இல்லை என்பதில் என்ன ஆச்சரியம்?

எலானை வடிவமைத்தவர் ரான் ஹிக்மன் (மடக்கு வேலைமேசையான வொர்க்மேட்டைக் கண்டுபிடித்தவரும் இவரே). அதில் பாரத்தை உடலிலிருந்து பிரித்தார்கள். நடுவே முதுகெலும்புபோல் ஓர் இரும்புச் சேஸி. இரு முனையும் கவைபோல் பிரியும். முன் கவையில் எஞ்சின், பின் கவையில் டிஃபரென்ஷியல். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கத் தனிக் கீழ்க்கை வந்தது. பிரேக்கும் சக்கரத்துக்கே போனது. உடல் சேஸியோடு சேரும் இடங்களில் உலோகக் குமிழ்களை வார்ப்பிலேயே பதித்தார்கள். எஞ்சினின் அடிப்பாகம் ஃபோர்டு, முன் சஸ்பென்ஷனில் இன்னொரு கார் நிறுவனமான டிரையம்ஃபின் பாகங்கள். கடையில் கிடைப்பதை வாங்கிக் கணக்கைச் சரிசெய்தார்கள். குறை இல்லாமல் இல்லை. அச்சுத்தண்டின் ரப்பர் கப்ளிங் முறுக்கிக்கொண்டு, கிளட்ச்சை விடும்போது கார் துள்ளும். தண்ணீர் பம்ப் எஞ்சினின் முன்மூடியோடு சேர்ந்தது. பெல்ட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் போகும், அதை மாற்ற எஞ்சினைப் பாதி கழற்ற வேண்டும்.

வாங்குபவரே பூட்டிக்கொள்ளும்படி காரைப் பாகங்களாக விற்ற கிட் விற்பனையைப் பொழுதுபோக்கு என்று கட்டுரை கடந்துவிட்டது. அது வரிக் கணக்கு. பிரிட்டனில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, இந்தப் பாகங்களுக்கு இல்லை. 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டில், கிட்டாக விற்ற லோட்டஸ் செவன் காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு திருத்தம். கட்டுரையில் "1957 எலீட்" என்று போட்டிருக்கும் படம் எலான். மேலெழும் முகப்பு விளக்கு அந்த எலீட்டில் கிடையாது. எலானில் அவ்விளக்கை எழுப்பும் வெற்றிடத்தைச் சேர்த்துவைப்பது சேஸியின் முன் குறுக்குச்சட்டம்; அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், தொடக்ககாலக் கார்களில் ஓடும்போதே விளக்கு கீழே இறங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்