டிரெய்லரைத் தடுக்காதீர்கள், சுண்ணாம்புக் கோடு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களுக்கு, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் டிரெய்லர் கொண்டுவரத் தடை போட வேண்டும் என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாதையை மறிக்கிறார்களாம், கொட்டகை போடுகிறேன் என்று பாதி ராத்திரி வரை தட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். அவர் சொல்வதில் பொய் இல்லை. அப்படித் தட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். பஸ் டிப்போவில் 34 வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பச் சாஸ்தா இருப்பது திசையன்விளைக்கு அப்பால் தேரிக்காட்டில். நெல்லைச் சீமையில் இது எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். நாம் ஆறும் வயலும் உள்ள ஊரில் குடியிருப்போம், சாமி மட்டும் செம்மணலில் உடைமரத்தடியில் உட்கார்ந்திருக்கும். உத்திரத்தன்று பிள்ளைகள் மெட்ராஸில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் அங்கே வந்து சேர வேண்டும். முதல் நாள் சாயங்காலம் போய் இறங்கி, ராத்திரி அங்கேயே படுத்து, விடிந்ததும் பொங்கல் வைப்பது எங்கள் வழக்கம்.

தாத்தா காலத்தில் இரண்டு மாட்டு வண்டி. பிறகு கொஞ்ச காலம் வாடகை வேன். அம்மாவுக்கு எண்பது தாண்டி, தரையில் படுத்து எழுந்திருக்க முடியாமல் ஆனதும், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் சின்ன டிரெய்லர் ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு விலைக்கு வாங்கினேன். இரண்டே சக்கரம். ஏழடி நீளம், நாலரை அடி அகலம். மேலே தகரக் கூடு. உள்ளே அம்மாவும் என் மனைவியும் படுக்கலாம். பின்கதவைத் தூக்கிவிட்டால் அதன் கீழே நின்று காய்கறி நறுக்க, பாத்திரம் அடுக்க ஒரு பலகை. பக்கவாட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் மற்றவர்களுக்கு நிழல். தம்பியின் பழைய ஜீப் இழுக்கும்.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தேரியில் தண்ணீர் கிடைக்காது என்று வீட்டிலேயே 200 லிட்டர் டிரம்மை நிரப்பி டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றினேன். நாங்குநேரி தாண்டி ஜீப் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்ட ஆரம்பித்தது. ரோடு சரியில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கோயில் பாதையில் நெரிசல், போய்ச் சேர ராத்திரி எட்டரை. இருட்டில், ஜீப்போடு டிரெய்லரை இணைக்கிற கொக்கியின் பூட்டு ஊசியை, அதாவது பின்னை, உருவினேன். அவ்வளவுதான், முன்கம்பி விருட்டென்று மேலே எழும்பித் தம்பியின் தாடையில் அடித்தது. பின்பக்கம் தரையில் இறங்கியது. டிரம் சாய்ந்து தண்ணீர் முழுவதும் அரிசிச் சாக்கில். தார்ப்பாய் எல்லாச் சாமானுக்கும் அடியில், தீப்பெட்டி யார் பையில் என்று யாருக்கும் தெரியாது. கொட்டகை என்று ஒன்று நிற்கும்போது மணி பதினொன்று. அதுவும் நடுப்பாதையில்.

"முன்பாரம் பார்க்காமலா வண்டி கட்டினே?" என்று அம்மா ஜீப்புக்குள்ளேயிருந்து கேட்டாள்.

ஒரே கேள்விதான். மாட்டு வண்டி ஏற்றுகிறவனுக்கு முதல் பாடமே முன்பாரம், பின்பாரம். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே போய்ப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் மாடு முட்டி போடும். டிரெய்லருக்கும் அதே கணக்குதான், மாட்டுக்குப் பதில் ஜீப். மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும். ஏற்றியபிறகு எங்கள் வண்டி 500 கிலோ வரும் என்றால் கொக்கியில் 50 முதல் 75 கிலோ. அடுத்த வருஷம் தெருமுனை மளிகைக்கடைத் தராசைக் கேட்டு வாங்கி, முன்கம்பியை அதன் மேல் உட்கார வைத்தே பார்த்துவிட்டேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த வருஷத்திலிருந்து டிரெய்லர் வாலாட்டவில்லை.

இன்றைக்கு வண்டி நின்றதிலிருந்து அம்மா கையில் கருப்பட்டிக் காபி கொடுக்கிறவரை 22 நிமிஷம். கைக்கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன்.

மணல் தொடங்கும் இடத்திலேயே ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் டயரில் காற்றைக் குறைத்துவிடுவோம். டயர் பரந்து உட்காரும், புதையாது. திரும்பும்போது தார் ரோடு ஏறுமுன் காலால் மிதிக்கும் பம்பு வைத்து அடித்துக்கொள்வோம். இடம் பார்த்தபிறகும் கொக்கியைத் தொட மாட்டேன். முதலில் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்ப்பேன். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு, ஜீப்பை ஒரு முழம் நகர்த்தி அதன் மேல் ஏற்றிவிட வேண்டும். ஜீப்பைக் கழற்றியபிறகு இதைச் செய்ய முடியாது. நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான், ராத்திரி கேட்கிற சத்தத்தில் பாதி இதனால் வருவதுதான். அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகே பின்னை உருவுவது. கழற்றி நிறுத்தும்போது தாங்குவதற்கென்று முன்கம்பியில் உள்ள சின்னச் சக்கரத்தை ஏற்றி இறக்கினால் நெடுக்குவாட்டும் சரியாகிவிடும். மணலில் அந்தச் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு பலகை வேண்டும், இல்லையென்றால் அம்மா தூங்கத் தூங்க வண்டி முன்னால் இறங்கிக்கொண்டே போகும். நாலு மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க இல்லை. மருமகன் ஒரு தடவை ஜாக்கி என்று நினைத்து முறுக்கி ஒரு காலை வளைத்துவிட்டார். மருமகன் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

தார்ப்பாய்க்கு முளை அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி ராத்திரிச் சத்தம் என்று அந்த வாசகர் எழுதியதன் மறுபாதி இதுதான். தேரி மணலில் முளை நிற்காது. நீங்கள் ஒரு முழக் கம்பியை அடித்தாலும் கடல் காற்று ஒரு இழுப்பு இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். அங்கே பனையேறுகிற ஒரு அண்ணாச்சி, நாங்கள் இரண்டு வருஷம் தட்டுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு வழி காட்டினார். காலிச் சிமெண்டுச் சாக்கில் பாதிக்கு மணல் அள்ளி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, மம்பட்டியால் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிச் சாக்கைப் படுக்கப் போட்டு மூடிவிட வேண்டும். கயிறு மட்டும் வெளியே. மேலே ஏறி நாலு மிதி. மாடு இழுத்தாலும் அசையாது. சுத்தியல் சத்தமே இல்லை. கிளம்பும்போது தோண்டியெடுத்து மணலைக் கொட்டினால் சாக்கு அடுத்த வருஷத்துக்கு ஆச்சு.

சாமான் விஷயத்தில் மூளை என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. நான் பாத்திரம் தனி, மளிகை தனி, துணி தனி என்று டிப்போ ஸ்டோரில் அடுக்குவது போல அடுக்குவேன். அவள் இறங்கியதும் எது, இருட்டுமுன் எது, விடிகாலை எது என்று பிரித்தாள். முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு நார்ப்பெட்டி: தீப்பெட்டி, டார்ச், கருப்பட்டி, காபித்தூள், சின்னச் சருவம், கத்தி, அம்மாவின் மாத்திரை. அது கடைசியாக ஏறி முதலில் இறங்கும். பொங்கப்பானை அடியில் கிடக்கலாம், அதற்கு வேலை விடிந்த பிறகுதான். கேஸ் அடுப்பு தார்ப்பாய்க்கு வெளியே, காற்று மறைவில். காய்ந்த பனையோலை கிடக்கிற இடம், ஒரு பொறி போதும். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ரெகுலேட்டர் திறந்தபடி வந்து இறங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வாசகரோடு ஒத்துப்போகிற இடமும் உண்டு. டிராக்டர் டிரெய்லரில் குழந்தைகளும் பெண்களுமாக முப்பது, நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வருகிறார்களே, அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். சட்டப்படியும் அது கூடாது. சாமான் டிரெய்லரில் வரட்டும், ஆட்கள் பஸ்ஸிலோ வேனிலோ வரட்டும். எங்கள் டிரெய்லரிலும் ஓடும்போது யாரும் உட்காருவதில்லை, அம்மா ஜீப்பில் முன்சீட்டில். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்களையும் அவர் திட்டலாம், நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். உத்திரத்துக்கு முந்தின ராத்திரி நிலவு எப்படிக் காய்கிறது! அதில் என்னத்துக்கு ஐயா டியூப்லைட்?

ஆனால் பாதை மறிப்புக்கு மருந்து தடை இல்லை. முந்தின நாள் மாலை மூன்று மணிக்கே வண்டிகளை உள்ளே விட வேண்டும். இப்போது பல கோயில்களில் ஆறு மணிக்குத்தான் கயிற்றை அவிழ்க்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இருட்டில் புகுந்து, கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துகிறோம். வருமுன்பே நிர்வாகத்தார் பாதையின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுத்து, வண்டிக்குப் பதினைந்தடி என்று கட்டம் போட்டுவிடலாம். இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு, இரண்டு ஆள், அரை நாள் வேலை. நுழைவிடத்தில் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி ஒன்று நின்றால் என்னைப் போல யாரும் 200 கிலோ தண்ணீரை நாங்குநேரி வழியாக இழுத்து வர மாட்டார்கள்.

எங்கள் கோயில் நிர்வாகத்தாரிடம் இதைப் போன வருஷமே சொன்னேன். "பார்க்கலாம் அண்ணாச்சி" என்றார்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோடு போட முடிவு செய்தால் நாளைச் சொல்லி அனுப்பட்டும். ரசமட்டத்தோடு காலையிலேயே வந்துவிடுகிறேன். மம்பட்டி மட்டும் அவர்கள் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக்,
கல்லிடைக்குறிச்சி.