அந்த நாற்காலியை நிரப்புங்கள்: வேந்தருக்கும் அரசுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேந்தர் அவர்களுக்கும் மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் பாடம் நடத்திய பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குச் சென்ற வாரம் என் மாணவியுடன் போயிருந்தேன். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். வாய்மொழித் தேர்வு முடிந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்கு ஆய்வுப் பணி தர முன்வந்து, அசல் பட்டச் சான்றிதழைக் கேட்கிறது. அவர் கையில் இருப்பது தற்காலிகச் சான்றிதழ். காட்டிக் காட்டி மடிப்பில் கிழிந்துபோய், பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கிறார்.

பிரிவு அலுவலர் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். அச்சடித்த பட்டச் சான்றிதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மேலே இருந்த கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். பெயர் இருக்கிறது, துறை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. கீழே ‘துணைவேந்தர்’ என்ற சொல்லுக்கு மேல் வெறும் இடம். "அம்மா, இந்த இடத்தில் கையெழுத்துப் போட ஆள் வந்தால் அன்றைக்கே உங்களுக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார். என் மாணவி அழவில்லை. அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண் அவர்.

ஐயா, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு துணைவேந்தரை நியமியுங்கள்.

இதன் பின்னணி தங்களுக்குத் தெரியாததல்ல. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்ற 2022 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாக்கள், 2023 நவம்பரில் அவை மறுபடி நிறைவேறியது, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்தச் சட்டங்களுக்கு அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை எல்லாவற்றையும் நாங்களும் நாளிதழில் படித்துக்கொண்டுதான் இருந்தோம். துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டுமா, நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பவை பெரிய கேள்விகள்தாம். நீதிமன்றத்தில் வாதாடத் தங்கள் இரு தரப்புக்கும் முழு உரிமை உண்டு. ஆனால் அந்த வழக்கில் என் மாணவி வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

துணைவேந்தர் இல்லாத காலத்தில் நிர்வாகத்தைக் கவனிக்கப் பொறுப்புக் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் உறுப்பினர்களுக்கு அவரவர் வேலை தனியே இருக்கிறது. கூடும்போது அவசரக் கோப்புகளைப் பார்க்கிறார்கள். மற்றவை அடுத்த கூட்டத்துக்குப் போகின்றன. நான் பணியில் சேர்ந்த புதிதில் இருந்த துணைவேந்தர் மாலை ஐந்தரை மணிக்கு மேல் நூலகத்துக்குள் வந்து நிற்பார். இந்த ஆய்விதழ் ஏன் மூன்று மாதமாக வரவில்லை என்று கேட்பார். மறுநாள் காலையில் சந்தா கட்டப்பட்டிருக்கும். குழு எதுவும் அப்படி நூலகத்துக்குள் வந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

இந்தப் பதவியில் எப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மகப்பேறு மருத்துவரான ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தை நடத்தினார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மு. வரதராசனார் வித்துவான் தேர்வு எழுதி, பள்ளி ஆசிரியராகி, கல்லூரிப் பேராசிரியராகி, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1974இல் அந்தப் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். துணைவேந்தர் பதவிக்கே விலை பேசப்படுகிறது என்ற பேச்சையும் பிற்காலத்தில் கேட்டோம். 2018இல் ஒரு துணைவேந்தர் லஞ்சப் புகாரில் கைதானதைப் பார்த்துத் தலைகுனிந்தோம். இப்போது அந்த நாற்காலியே காலியாகக் கிடக்கிறது. கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. நிரந்தரப் பேராசிரியர்கள் ஓய்வுபெற்றுப் போன இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் உழைக்கிறார்கள். அவர்கள் சம்பளக் கோப்பும் இதே வரிசையில்தான் காத்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? எந்தக் கதவைத் தட்டினாலும் ‘பொறுப்பு’ என்று எழுதிய பலகைதான் தொங்குகிறது.

மன்னிக்க வேண்டும், கடுமையாக எழுதிவிட்டேன். தங்கள் இருவரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரே மேசையில் ஒருநாள் உட்காருங்கள். நீதிமன்றம் அனுமதிக்கும் வழி எதுவோ அதைச் சேர்ந்தே போய்க் கேளுங்கள். பத்தாண்டுகளுக்குக் குறையாமல் பேராசிரியராக இருந்து, கை சுத்தமாகவும் இருக்கும் ஒருவரை எங்களுக்குத் துணைவேந்தராகத் தாருங்கள். அதுவரை, அந்த அலமாரியில் இருக்கும் சான்றிதழ்களில் செல்லத்தக்க கையெழுத்தை யார் போடலாம் என்றாவது ஓர் ஆணை பிறப்பியுங்கள்.

என் மாணவி சேர வேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்