செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: குட்டை தூர்வார நிதி கிடைத்த விவரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கமுங்க.

சென்ற ஆண்டு வேலைகளில் பல வழக்கமானவைதான். மாதக் கூட்டங்கள் நடந்தன. கரையில் வைத்த வேம்பு, புங்கன் கன்றுகளில் ஆட்டு வாய்க்குத் தப்பியவை தழைத்திருக்கின்றன. சங்கத்தின் ஆண்டுத் தாக்கல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடிந்தது. அவை போதும், நிதி வாங்கிய விவரத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன். அடுத்த விண்ணப்பத்தை வேறு யாராவது எழுத நேரலாம், அவருக்கு இது உதவும்.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை இறைத்து 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பும் திட்டம். நம் குட்டைக்கும் குழாயில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் நிற்கத்தான் இடமில்லை. பாதி சீமைக்கருவேலம், பாதி வண்டல்.

அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டவேண்டும். நோம்பி (ஊர்த் திருவிழா) வரி வசூலித்த கையோடு அதையும் கேட்க முடியாது என்று பொருளாளர் கைவிரித்துவிட்டார். எனவே கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்கு முயன்றோம். 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர லாபம் ₹5 கோடியைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதில் செயற்குழுவில் பலத்த வாக்குவாதம். குட்டையின் பழம்பெருமை, அந்தக் காலத்தில் மாடு குளிப்பாட்டியது, பஞ்சத்தில் பட்ட பாடு எல்லாம் வேண்டும் என்றனர் சிலர். மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, கதை படிச்சுட்டா காசு குடுப்பாங்க? எத்தன மண்ணு, எத்தன நாளு, எத்தன ரூவா, அதச் சொல்லுங்க." கதை ஒரு பத்தியாகச் சுருங்கியது. என் கணிப்பில் நமக்குப் பணம் வந்ததே அந்தச் சுருக்கத்தால்தான்.

நாடா பிடித்து அளந்தோம். 90 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். அங்கங்கே குழி போட்டுப் பார்த்ததில் வண்டல் சராசரியாக 1 மீட்டர். ஆக 5,400 கன மீட்டர் மண். அதை எடுத்தால் 54 லட்சம் லிட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும். டிப்பர்காரர் யூனிட்டில் பேசுவார். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கன மீட்டர். அவர் கணக்கில் இது சுமார் 1,900 யூனிட். விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதினோம். நாம் விண்ணப்பித்த கம்பெனி அனுப்பிய பொறியாளர் குட்டைக்கு வந்து, நம் அளவையும் விலைப்புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

எடுத்த மண் எங்கே போகும் என்பதையும் எழுதியிருந்தோம். விவசாயிகள் வண்டலை இலவசமாக அள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் விதி எளிதானது. நம் தோட்டக்காரர்கள் டிராக்டருடன் தயாராக இருந்ததால் சுமைக்கூலி பெருமளவு குறைந்தது, மதிப்பீடும் இறங்கியது.

சிக்கல் நாள்கணக்கில் வந்தது. குட்டை காய்வது மாசிக்கு மேல். கம்பெனிக்கோ மார்ச் 31-க்குள் கணக்கு முடியவேண்டும். ஓராண்டுக்கு மேல் நடக்கும் தொடர் திட்டம் என்று கம்பெனி முடிவெடுத்தால் மீதிப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தோம்: முதலில் கருவேலம் அகற்றி வடபுறத்தைத் தூர்வாருவது, அடுத்த கோடையில் தென்புறமும் மதகும். வடபுறம் முடிந்துவிட்டது.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. வருமான வரித் துறையின் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு, பான், இதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவம், இவற்றோடு சி.எஸ்.ஆர். பணம் பெறும் அமைப்புகள் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பெற்ற எண். இந்தப் பதிவு 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். முந்தைய செயற்குழு வரவு செலவுகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்து வைத்திருந்ததால் ஆடிட்டர் வேலை சுலபமாயிற்று, அவர்களுக்கு நன்றி. குட்டை ஊராட்சிக்குச் சொந்தமானது என்பதால் தடையில்லாச் சான்றும், நில அளவை வரைபடமும் சேர்த்தோம். அந்தச் சான்றுக்குத்தான் அலைச்சல் அதிகம். விண்ணப்பத்தைத் தொடும் முன்பே அதற்கு மனு கொடுத்துவிடுவது நல்லது.

வரும் ஆண்டில் தென்புற வேலை, பணத்தைச் செலவிட்டதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாக்கல், 80ஜி புதுப்பிப்பு ஆகியவை நிற்கின்றன. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்திவிடுங்கள், அப்புறம் என்றால் மறந்துபோகும். இந்த அறிக்கைக்குப் பொதுக்குழு ஒப்புதல் தரவேண்டும் எனக் கேட்டு, வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பொருளாளர் அவர்களை அழைக்கிறேன்.

செயலாளர்