எட்டையும் பிரிக்காதீர்கள்

சீன அரசவைப் பீங்கானை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ஏலப் பட்டியல்களை விடாமல் பார்க்கிறவன் நான். 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியான்லாங் காலத்துப் பீங்கான் சங்கு ஒன்று, இணைமீன் ஒன்று என்று பௌத்த மங்கலச் சின்னங்கள் ஒற்றையாக விலைக்கு வரும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

அவை ஒற்றையாக வைக்கச் செய்தவை அல்ல. சக்கரம், சங்கு, குடை, வெற்றிக்கொடி, தாமரை, கலசம், இணைமீன், முடிவில்லா முடிச்சு, இந்த எட்டும் பூசை மேடையில் வரிசையாக நிற்க வேண்டியவை. இந்தியாவில் பிறந்து, திபெத்திய பௌத்தத்தோடு சீன அரண்மனைக்குள் போன சின்னங்கள் இவை. சியான்லாங் பேரரசருக்கு அந்தச் சமயத்தில் அவ்வளவு ஈடுபாடு. தன் தந்தை இளவரசராக வாழ்ந்த பெய்ஜிங் மாளிகையையே 1744-ல் யோங்ஹேகோங் மடாலயமாக மாற்றியவர் அவர்.

அந்தச் சின்னம் ஒன்றை உற்றுப் பாருங்கள். கீழே இதழ் விரித்த தாமரைப் பீடம், அதன்மேல் தண்டு, தண்டின் உச்சியில் சின்னம். பீங்கானுக்குப் பேர்போன சீன ஊரான ஜிங்டேஜென்னின் சூளையில் சுமார் 1300 டிகிரி சூட்டில் பீங்கான் இளகும். மேலே பாரம், கீழே ஒல்லித் தண்டு. வளையாமல் ஒன்றை எடுப்பதே பெரிய பாடு. அப்புறம் வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடியும் சுட வேண்டும். இதையெல்லாம் தாண்டி, ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி எட்டை எடுத்தார்கள் அந்தக் குயவர்கள். அவர்கள் பட்ட பாடு எட்டுக்கும் சேர்த்துத்தான்.

அரண்மனைப் பொருள்கள் சிதறியதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை, சரி. 1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. 1900-ல் அந்நியப் படைகள் பெய்ஜிங்கையே கொள்ளையடித்தன. ஆனால் இனிமேல் பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் கையில் இருக்கிறது.

முழு வரிசை வந்தால் ஒரே லாட்டாக, அதாவது ஒரே தொகுப்பாக, ஏலம் விடுங்கள். தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் வரலாம். அந்தப் பணத்துக்காக ஒரு பூசை வரிசையை உடைப்பது தப்பு. ஒற்றை வந்தால், எட்டில் ஒன்று என்று விவரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். அதே அளவு, அதே வண்ணத்தில் துணை எந்த அருங்காட்சியகத்திலாவது இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள். எந்த மேடையிலிருந்து, எப்போது, யார் கை வழியாக வந்தது என்பதைத் தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். தயவுசெய்து ‘அலங்காரப் பொருள்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் போடாதீர்கள்.

அடுத்த பட்டியலிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பீங்கான் கலையை நேசிக்கும் ஒரு வாசகன்