பதினொரு திங்கட்கிழமைகள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள மிஸ்ஸுக்கும், சித்தப்பாவுக்கும், குப்பி எடுத்த, அதாவது வகுப்புக்கு வெளியே பாடம் சொல்லித் தந்த அக்காவுக்கும், கொக்குவில் போடிங் அன்ரிக்கும், பீட அலுவலகத்தில் யன்னலோர மேசையில் இருக்கும் அண்ணாவுக்கும்,

பேர் போட வேண்டாம் என்று மிஸ் முதலே சொல்லிவிட்டா. அவவின் பேரை விட்டு மற்ற எல்லாரின் பேரையும் போட்டால் திருவிழா உபயகாரர் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அதனால் ஒருவர் பேரும் இல்லை. ஆரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பட்டம் வாங்கிவிட்டேன். வகுப்பு இல்லை, சாதாரணச் சித்திதான். எல்லாப் பாடத்தினதும் புள்ளிச் சராசரியான ஜிபிஏ 2.64. முதலாம் வருட முடிவில் அது 1.86 ஆகக் கிடந்தது என்பது உங்கள் ஐந்து பேருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. இப்போது ஊருக்கும் தெரியட்டும்.

நான் நெடுந்தீவுப் பொடியன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய 1974இல் பிறந்தவர் அப்பா. பரமேஸ்வராச் சந்தியால் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருந்தாலும் அந்த வாசலுக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர். நான் முதலாம் வருடம் வந்து மூன்றாம் மாதம் அவர் படகில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெள்ளி பின்னேரம் நான் ஊருக்குப் போவதும், சித்தப்பாவோடு நண்டு வலை படுப்பதும் வழக்கமாகிவிட்டது. ஞாயிறு படுத்த வலையைத் திங்கள் விடிய எடுத்து, நண்டு கழற்றி, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் தாண்டி வந்து சேர எட்டு மணி விரிவுரை எப்போதோ முடிந்திருக்கும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் செவ்வாயும் சேர்ந்து போகும்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால், வெட்கம் என்றுதான் சொல்லலாம். நித்திரை கொண்டு விட்டேன் என்று சொல்வது, வலை எடுக்கப் போனேன் என்று சொல்வதைவிட லேசாக இருந்தது.

முதல் கிழமையிலேயே அறிவித்தல் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள், எந்த மாணவருக்கு எந்த விரிவுரையாளர் ஆலோசகர் என்று. என் பேருக்கு நேரே மிஸ்ஸின் பேர். ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. ‘ஆலோசகர்’ என்றால் பிழை விட்டவர்களைக் கூப்பிட்டுப் புத்தி சொல்கிற ஆள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்குப் போவது மாதிரி. பிழை விட்டவன் நான் என்பதும் தெரிந்தபடியால் இன்னும் தூரமாக நடந்தேன்.

பிறகு முடிவு வந்தது. ஒரு பாடத்தில் பரீட்சை எழுதவே விடவில்லை. 80 சதவீத வரவு வேண்டும், என்னிடம் இருந்தது 63. மிஸ் ஆள்விட்டுக் கூப்பிட்டா.

போகும்போது என்ன பொய் சொல்வது என்று மூன்று விதமாக யோசித்துக்கொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மேசையில் வரவுத் தாளின் பிரதியும் ஒரு கலண்டரும் இருந்தன. கலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தா.

“முப்பது மணித்தியாலத்தில பதினொண்டு நீர் வரேல்ல. பதினொண்டும் திங்கள். வியாழக்கிழமை ஒருநாளும் தவறேல்ல. திங்களில உமக்கு என்ன வேலை?”

அதுவரை எல்லாரும் ‘ஏன் படிக்கிறாயில்லை’ என்றுதான் கேட்டார்கள். எனக்கே நான் சோம்பேறி என்றுதான் பட்டது. சோம்பேறி வியாழன் மட்டும் ஒழுங்காக வரமாட்டான் என்று அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடித்தது மிஸ் ஒராள்தான். வலைக் கதையைச் சொன்னேன். அவ வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம், கடல் தெரியாது. “வலை எவ்வளவு நேரம் கிடக்கோணும்? சனி படுத்து ஞாயிறு எடுத்தால் நண்டு படாதோ?” என்று கேட்டா. படிப்பா வலையா என்று கேட்கவில்லை. அதற்காகவே ஒரு நன்றி.

சித்தப்பாவிடம் கேட்டேன். “நண்டுக்குக் கலண்டர் தெரியுமே?” என்றார். அடுத்த கிழமையே சனிக்கு மாற்றினார். ஞாயிறு பின்னேரப் படகில் நான் வந்துவிடுவேன். கடல் மோசமான நாட்களில் என்னை வரவேண்டாம் என்று சொல்லித் தனியே போனார். தனியே போனதை அவர் எனக்குச் சொன்னதில்லை, சித்திதான் பிறகு சொன்னா.

அன்று மிஸ் ஒரு கடதாசியில் கணக்கும் போட்டுத் தந்தா. அது இப்போதும் என் பர்ஸில் கிடக்கிறது. பட்டத்துக்கு 90 கிரெடிட். 30 முடிந்தது, 1.86இல். மிச்சம் 60இல் சராசரி 3.57 எடுத்தால் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்குரிய 3.00 வரும். 2.07 எடுத்தால் பட்டத்துக்கு வேண்டிய 2.00 வரும். 3.57ஐ எழுதிவிட்டு அதன் மேல் கோடு கிழித்தா. “இது இப்ப உமக்கு வேண்டாம். மற்றதைப் பாரும்.” என்னால் ஏலாது என்று நினைத்துக்கொண்டிருந்த பெரிய மலை, அந்தக் கடதாசியில் 2.07 என்ற சின்ன இலக்கமாகக் குறுகிவிட்டது. எழுத விடாத பாடத்தைப் பற்றி மட்டும் ஆறுதல் சொல்லவில்லை: “அதைத் திரும்ப எழுதத்தான் வேணும், ‘சி’க்கு மேல தரமாட்டினம்.” தரவில்லைத்தான்.

அவவுக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்புவதிலும் மிஸ் கெட்டிக்காரி. நித்திரை இல்லாமல் திரிந்த நாட்களில், மனக்கஷ்டம் கேட்கிற மாணவ ஆலோசகர் என்ற வேறு ஆளிடம் அனுப்பினா. இங்கிலீஷில் விளங்காத பாடங்களுக்கு நான்காம் வருட அக்காவிடம் அனுப்பினா. அக்கா, நீங்கள் நூலகத்துக்கு வெளியே மரத்தடியில் எடுத்த குப்பியில் ஒரே கேள்வியை நான் நான்கு தரம் கேட்டேன். நாலாம் தரமும் முதல் தரம் மாதிரியே சொன்னீர்கள். உங்கள் ஆராய்ச்சி அறிக்கைக்கு நாள் நெருங்கிய காலம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

யன்னலோர அண்ணா, பேசரி என்கிற மாணவர் உதவிப்பண விண்ணப்பத்தில் கிராம சேவையாளரின் கையெழுத்து இல்லை என்று கடைசி நாளுக்கு முதல்நாள் கோல் எடுத்தது நீங்கள்தான். புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, நெடுந்தீவிலிருந்து படகில் வந்த ஒரு கூட்டாளியிடம் அப்பா கொடுத்துவிட்டார். அது என் கையில் கிடைக்கும்போது நேரம் நாலேகால். நீங்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றீர்கள், பூட்டாமல்.

போடிங் அன்ரி, பேசரி வரும்வரை இரண்டு மாத வாடகை கேட்காததற்கும், கேட்காதது தெரியாத மாதிரி நடித்ததற்கும் நன்றி.

பட்டமளிப்புக்கு அப்பா ஊன்றுகோலோடு வந்தார். வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் ஒரு பெட்டி. ஐஸ் போட்டு, சாக்கு சுற்றி, விடிய எடுத்த நண்டு. மிஸ்ஸுக்கு. நாங்கள் வேதக்காரர் (கிறிஸ்தவர்), அன்று சைவக்காரர் மச்சமாமிசம் விலக்குகிற வெள்ளிக்கிழமை என்பது அவருக்கு உறைக்கவில்லை. மிஸ்ஸோ வெள்ளியென்றில்லை, ஒருநாளும் மச்சம் தொடாதவ என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். பெட்டியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சனி எடுத்ததோ ஞாயிறு எடுத்ததோ?” என்று அப்பாவைக் கேட்டா. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நண்டு கொக்குவிலுக்குப் போனது. அன்ரி முருங்கையிலை போட்டுக் கறி வைத்தா.