அரிப்பே இல்லாத வீக்கம்: அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரு மடல்

இரவும் பகலும் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு அப்போது 62 வயது. ஒரு விடியற்காலையில் மேலுதடு தடித்துத் தொங்கியது. டம்ளரை வாயில் வைக்க முடியாமல் காபியை ஸ்பூனால் குடித்தார். தோலில் தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. அலர்ஜி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வடிய மூன்று நாள் ஆனது.

அப்புறம் ஒன்றரை வருடம் கண் இமை, கை, நாக்கு என்று மாறி மாறி வந்தது. ஒவ்வொரு முறையும் அதே ஊசி, அதே ஸ்டீராய்டு. அம்மா கத்தரிக்காயை நிறுத்தினார், கருவாட்டை நிறுத்தினார். கடைசியில் அப்பாவுக்கு ரசம் சோறுதான் மிச்சம். ஒருமுறை வயிற்று வலியில் துடித்தவரை, குடலடைப்பு என்று ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை கொண்டுபோனார்கள்.

நாக்கு வீங்கிப் பேச்சு குழறிய ஒரு ராத்திரியில்தான், பணியில் இருந்த இளம் டாக்டர் "அரிக்குதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை. மூச்சுக்குழாய்க்கு ஆபத்து வராமல் பக்கத்திலேயே நின்றார். ரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மா வரவழைத்து ஏற்றினார். இந்த மாதிரி வீக்கத்துக்கென்றே உள்ள இகாடிபான்ட், சி1 இன்ஹிபிட்டர் மருந்துகள் அங்கே கிடையாது. தினமும் போட்டுவந்த பிரஷர் மாத்திரை ராமிப்ரிலை அன்றே நிறுத்தினார்.

பிறகு காரணம் தெரிந்தது: அப்பாவின் மண்ணீரலில் மெதுவாக வளரும் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய் இருந்தது. இந்த மாதிரி ரத்தப் புற்றுநோய்களில் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் தீர்ந்துபோகலாம். அதை எதிர்த்தே உடம்பில் ஆன்டிபாடி உருவாவதும் உண்டு. அப்போது பிராடிகினின் என்ற பொருள் உடம்பில் பெருகி ரத்தக்குழாய்கள் கசிகின்றன. அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினுக்கு இதில் வேலை இல்லை, அதனால்தான் அலர்ஜி ஊசி கேட்கவில்லை. 1972லேயே இதை மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

முதல் தடவையே கண்டுபிடியுங்கள் என்று கேட்கவில்லை. அலர்ஜி ஊசி போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவருக்கு அரிப்பில்லாத வீக்கம் திரும்பத் திரும்ப வந்து ஊசிக்கும் அடங்காவிட்டால், சி4 என்ற ரத்தப் புரதத்துக்குப் பரிசோதனை ஒன்று எழுதுங்கள். குறைந்திருந்தால் சி1 இன்ஹிபிட்டரையும் சி1க்யூ என்ற இன்னொரு ரத்தப் புரதத்தையும் பாருங்கள். இதே வீக்கம் பரம்பரையாக வரும் வகையில் சி1க்யூ பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுவும் குறைந்திருந்தால் ரத்தநோய் மருத்துவரிடம் அனுப்புங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் தயவுசெய்து கேளுங்கள். ராமிப்ரில், எனாலாப்ரில் இரண்டுமே பிராடிகினினைக் கூட்டும்.

லிம்போமாவுக்கான ரிடுக்ஸிமாப் மருந்தை ஏற்றி முடித்த பிறகு அப்பாவுக்கு வீக்கம் வரவில்லை. போன வாரம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கேட்டார். அம்மா வைத்துக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு மகள்